கூரையின் கடைசி விரற்கடை: தரைவீடுகளுக்குச் சொட்டுத் தகடு பொருத்துவதும் பராமரிப்பதும்

சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டில், கூரை விளிம்பின் அடியில் நீளவாக்கில் ஓடும் முகப்புப் பலகையில் ஒருநாள் சாயம் கொப்பளித்திருப்பதைக் கண்டேன். வெயிலில் உரிந்திருக்கும், சுரண்டிவிட்டு மறுபடியும் பூசினால் போதும் என்று எண்ணி, ஏணி வைத்து ஏறி ஸ்க்ரூடிரைவரின் நுனியால் மெல்லக் குத்தினேன். தேநீரில் நனைந்த ரஸ்க்கில் விரல் இறங்குவதுபோல அது பலகைக்குள் இறங்கியது. கூரையில் ஓடு எதுவும் உடையவில்லை. வீட்டுக்குள் ஒரு சொட்டும் விழுந்ததில்லை. முகட்டிலிருந்து ஒழுங்காக இறங்கிவந்த மழைநீர், கூரையைவிட்டுக் கீழே விழவேண்டிய கடைசி விரற்கடைத் தூரத்தில் பின்னோக்கித் திரும்பிப் பலகையை ஊறவைத்திருந்தது. அந்த இடத்தைக் காப்பதற்கென்றே கூரை விளிம்பில் வைக்கப்படும் மடித்த உலோகப் பட்டைக்கு டிரிப் எட்ஜ் என்று பெயர். இக்கட்டுரையில் அதைச் சொட்டுத் தகடு என்று குறிப்பிடுகிறேன்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் கூரையைக் கவனிப்பது நகர மன்றத்தின் பொறுப்பு என்பதால், இந்த வழிகாட்டி தரைவீட்டுக்காரர்களுக்கே பயன்படும். அதிலும், தாமே தகடு வாங்கி வேலையைச் செய்விக்க நினைப்பவர்களையும், குத்தகையாளர் செய்துவிட்டுப் போகும் வேலை சரியா என்று பார்க்க விரும்புபவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தகடு என்ன செய்கிறது

டம்ளரிலிருந்து டபராவுக்குக் காப்பியை வேகமாக ஆற்றினால் அது நேராக விழும். தயங்கித் தயங்கி ஊற்றினால் டம்ளரின் வெளிப்பக்கத்தோடு ஒட்டி வழிந்து கையை நனைக்கும். விளிம்பு வெளிப்புறமாக மடிந்த டம்ளரில் இந்தத் தொல்லை குறைவு. கூரையிலும் இதே கதைதான். பெருமழையில் நீர் வேகத்தோடு பாய்ந்து, பலகையைத் தொடாமல் தாண்டி விழுந்துவிடுகிறது. மழை ஓயும் வேளையில், மெல்லிய தாரையாக வரும் நீர்தான் ஓட்டின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு உட்பக்கமாக ஊர்ந்து, பலகையையும் கைமரங்களின் முனைகளையும் நனைக்கிறது. ஆகவே கொட்டும் மழையில் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நன்றாகத்தானே விழுகிறது" என்று முடிவு செய்வதில் பொருளில்லை. பார்க்க வேண்டியது மழை விட்ட பிறகு வரும் அரைமணி நேரத்தை.

சொட்டுத் தகட்டுக்கு மூன்று பகுதிகள் உண்டு. கூரைச் சரிவின்மேல் படுத்திருக்கும் மேல் மடல் ஒன்று. பலகைக்கு முன்னால் செங்குத்தாகத் தொங்கும் முன் மடல் இன்னொன்று. அதன் அடியில் வெளிப்புறமாக வளைந்திருக்கும் சிறிய உதடு மூன்றாவது. உதட்டின் முனையில் நீருக்குத் திரும்பிச் செல்ல வழியில்லாததால் அது துளியாகப் பிரிந்து விழுகிறது. உதடு இல்லாமல் வெறும் எல் வடிவில் மடித்த தகட்டை யாரேனும் விலை குறைவு என்று காட்டினால் வாங்காதீர்கள்; அது பலகைக்கு மறைப்பாக இருக்கும், நீரை விலக்காது.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மி.மீ. மழை பெய்கிறது, சுமார் 170 நாட்கள் மழை நாட்கள். 1 சதுர மீட்டர்ப் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் என்பதால், 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் இறக்கமும் உள்ள ஒரு கூரைச் சரிவில் பிற்பகல் மழையொன்று 50 மி.மீ. பெய்தால் 2,500 லிட்டர் நீர் அந்த ஒரே விளிம்பைத் தாண்டிப் போகிறது. போதாததற்கு, கொசு பெருகுமென்ற அச்சத்தால் இங்கு கூரைக் கால்வாய் அமைப்பதற்குக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அதனால் பல வீடுகளில் இறவாரத்து நீர் நேராகச் சுவரோர வடிகாலில் விழும்படி விடப்பட்டிருக்கிறது. கால்வாய் இல்லாத விளிம்பில், நீரைப் பலகையிலிருந்து பிரிக்கும் வேலை முழுவதும் சொட்டுத் தகட்டின் தலையில் விழுகிறது.

ஏறுவதற்கு முன்னால்

நீங்களே கூரைமேல் ஏறாதீர்கள். தரையில் நின்றும், உறுதியான ஏணியில் நின்றும் பார்க்கக்கூடியதைப் பாருங்கள். ஓட்டின்மீது கால் வைக்கும் வேலையைப் பயிற்சி உள்ளவர்களிடம் விடுங்கள். உயரத்தில் வேலை செய்வது தொடர்பான 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலை ஆபத்தானதாகக் கருதப்படுகிறது; தொழிலாளர்களை அதில் ஈடுபடுத்தும் நிறுவனம், வேலையைத் தொடங்குமுன் அந்த வேலைக்கென்று அனுமதி பெறும் முறையைப் பின்பற்ற வேண்டும். இரண்டு மாடி வீட்டின் இறவாரம் நிச்சயமாக அந்த உயரத்தைத் தாண்டும். சாரமோ பாதுகாப்புக் கயிறோ இல்லாமல் "பத்து நிமிட வேலை" என்று ஏற முனைபவரை இறக்கிவிடுவது வீட்டுக்காரரின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

நம்மவர்களிடையே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் பழக்கமாகும் ஊர்க்காரத் தம்பி கூரை வேலை தெரிந்தவராக இருப்பார். விடுமுறை நாளில் வந்து செய்துதரவும் ஒப்புக்கொள்வார். ஆனால் வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவர் தம் முதலாளியைத் தவிர வேறு யாருக்கும் வேலை செய்வது சட்டப்படி குற்றம். அவரை வேலைக்கு வைப்பவருக்கும் அது குற்றமே. உதவி என்று நினைத்துச் செய்வது அந்தத் தம்பியின் பிழைப்பையே பறித்துவிடும்.

வீடு 1991க்கு முன்பு கட்டப்பட்டதாக இருந்து, பின்கட்டிலோ கார் நிறுத்துமிடத்திலோ நெளிவான சாம்பல்நிறச் சிமெண்ட் தகடுகள் இருந்தால், அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அத்தகைய தகட்டில் துளையிடுவதோ அறுப்பதோ கூடாது. முதலில் தகுதியுள்ளவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். அதுபோல, லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் உள்ள கடைவீடுகளின் கூரையில் வெளியே தெரியும்படி எதையும் மாற்றுவதற்கு முன்னால் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளைப் பார்க்க வேண்டும்.

எந்த உலோகம்

அலுமினியம் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் ஈரச் சிமெண்ட்டும் காரமும் அதை அரிக்கும். ஓட்டு விளிம்பைச் சிமெண்ட் கலவையால் பூசியிருக்கும் வீட்டில், கலவை படும் இடத்தில் அலுமினியத்தை வைத்தால் சில ஆண்டுகளில் அது வெண்பொடியாக உதிரத் தொடங்கும். செம்போடும், செம்பு உப்பு ஏற்றிய மரத்தோடும் அலுமினியம் சேரக்கூடாது. சாயம் பூசிய துத்தநாக முலாம் எஃகு பொதுவாக நல்ல தேர்வு. ஆனால் அதை அரம்பச் சக்கரத்தால் அறுக்க விடாதீர்கள். பறக்கும் சூடான இரும்புத்தூள் சாயத்தின்மேல் ஒட்டிக்கொண்டு, அடுத்த மழையிலேயே செம்புள்ளிகளாகத் துருவாகும். தகடு வெட்டும் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். கிழக்குக் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று படுவதால் அங்கே அலுமினியத்தையோ துருவேறா எஃகையோ பரிந்துரைப்பேன். திருகாணிகளும் தகட்டின் உலோகத்தோடு ஒத்துப்போக வேண்டும். நல்ல தகட்டில் மலிவான திருகாணியைப் போட்டால் முதலில் துருப்பிடிப்பது திருகாணித் தலை, பிறகு அதைச் சுற்றியுள்ள தகடு.

ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் ஆயத்தத் தகடு கிடைக்கலாம்; ஆனால் ஓட்டுக் கூரைக்கு அளவு கொடுத்து மடித்து வாங்குவதே நல்லது. மேல் மடல் 100 மி.மீ., முன் மடல் 50 முதல் 75 மி.மீ., உதடு 10 மி.மீ. என்பது நான் பயன்படுத்திய அளவு. 3 மீட்டர் அலுமினியத் துண்டு, விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே 40 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 3 மி.மீ. நீளும். அதற்கு இடம் விடாவிட்டால் தகடு அலையலையாக நெளிந்துவிடும். கீழ்வரும் படிகளில் இணைப்புகளை இறுக்காமல் விடச் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஓட்டுக் கூரையில் பொருத்தும் முறை

இணையத்தில் பார்க்கக் கிடைக்கும் விளக்கப் படங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் தார் ஷிங்கிள் என்னும் மெல்லிய தார்த் தட்டைகளால் வேயப்படும் கூரைகளைக் காட்டுபவை. அங்கே கைமரங்களின்மேல் பிளைவுட் பலகை முழுப் பரப்பாக அடிக்கப்பட்டிருக்கும். தகட்டை அதன்மேல் வைத்து ஆணி அடித்துவிடலாம். அந்நாட்டுக் குடியிருப்புக் கட்டட விதிகள், இணைப்பில் ஒரு துண்டு மற்றதன்மேல் குறைந்தது 50 மி.மீ. படிய வேண்டும், ஆணிகளுக்கிடையே 300 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்கின்றன. இந்த எண்களை நாமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நம் ஓட்டு வீடுகளில் பெரும்பாலும் கைமரத்தின்மேல் அலுமினியத் தாள் விரிப்பும், அதன்மேல் ரீப்பர்கள் எனப்படும் குறுக்குச் சட்டங்களும், அவற்றின்மேல் ஓடுகளுமே இருக்கும். தகட்டின் மேல் மடல் படுத்துக்கொள்ளத் தளம் இருக்காது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வேலை தொடங்கினால் பாதியில் திகைக்க நேரும்.

முதலில், இறவாரத்தின் கீழ்வரிசை ஓடுகளையும் அதற்கு மேலுள்ள வரிசையையும் கழற்ற வேண்டும். கீழ்வரிசை பெரும்பாலும் ஆணியாலோ கொக்கியாலோ பிடிக்கப்பட்டிருக்கும் என்பதால், இழுத்துப் பார்க்காமல் பிடிப்பை விடுவித்துத் தூக்க வேண்டும். ஒரே நாளில் மூடிவிடக்கூடிய நீளத்தை மட்டும் திறப்பது நலம். தார்ப்பாய் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அடுத்து, திறந்த இடத்தில் பலகையையும் கைமர முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இருக்கும் மரத்தின்மேல் தகடு அடிப்பது புண்ணை மூடிக் கட்டுவதற்கு ஒப்பாகும். அந்தப் பகுதியை வெட்டி மாற்றுங்கள். மண் பூசியதுபோன்ற மெல்லிய கோடுகள் தெரிந்தால் கறையான் வந்திருக்கிறது. அதை முடிக்காமல் மேலே செல்லாதீர்கள்.

பிறகு, முகப்புப் பலகையின் மேல் விளிம்புக்கும் முதல் ரீப்பருக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில், பதப்படுத்திய பிளைவுட் பட்டையொன்றைச் சரிவோடு ஒத்திருக்கும்படி அடிக்க வேண்டும். இது தகட்டுக்குத் தளமாகிறது. அதைவிட முக்கியமாக, பலகைக்குப் பின்னால் விரிப்பு தொய்ந்து குளம் கட்டுவதைத் தடுக்கிறது. ஓட்டின் இடுக்கு வழியாக உள்ளே புகும் சிறிதளவு நீர் விரிப்பின்மேல் வழிந்து வெளியேற வேண்டும். தொய்வு இருந்தால் அது அங்கேயே தேங்கி, நாளடைவில் மடிப்புக் கிழிந்து மரத்தில் இறங்கும்.

இப்போது தகடு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பழைய பலகைகள் நேராக இருப்பதில்லை, கண்மதிப்பில் வைத்தால் கீழிருந்து பார்க்கையில் பாம்பு நெளிவதுபோலத் தெரியும். முன் மடலுக்கும் பலகைக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவுக்கு, அதாவது 10 முதல் 15 மி.மீ. இடைவெளி விட்டு வைக்க வேண்டும். தகட்டைப் பலகையோடு ஒட்டி அறைவதுதான் நான் அதிகம் கண்ட பிழை. பார்வைக்குக் கச்சிதமாக இருக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடுக்கு, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல நீரை மேலே இழுத்துக்கொள்ளும். திருகாணிகள் மேல் மடலில் மட்டுமே இருக்க வேண்டும். முன் மடலில் ஒன்றுகூட வேண்டாம். 300 மி.மீ.க்கு ஒன்று போதுமென்றாலும், மூலைகளிலிருந்து ஒரு மீட்டர் வரை 200 மி.மீ.க்கு ஒன்று வைக்கச் சொல்வேன். மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வரை வீசும் சுமத்ராக் காற்று கூரையைப் பெயர்க்கத் தொடங்குவது மூலைகளில்தான். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று 50 மி.மீ. படியட்டும், அந்த இணைப்பில் திருகாணி போடாமலிருந்தால் தகடு வெயிலுக்கு நீண்டு சுருங்க இடம் கிடைக்கும்.

எங்கள் வீட்டுத் தவறு அடுத்த படியில் நிகழ்ந்திருந்தது. இறவாரத்தில் தகட்டை முதலில் வைத்து, விரிப்பின் கீழ் விளிம்பை அதன்மேல் குறைந்தது 100 மி.மீ. படியும்படி விரிக்க வேண்டும். அப்போதுதான் விரிப்பின்மேல் வரும் நீர் தகட்டில் இறங்கிச் சொட்டும். எங்களுக்கு வேலை செய்த குத்தகையாளர், பழைய விரிப்பைத் தூக்கச் சோம்பி, அதன்மேலேயே தகட்டை வைத்துத் திருகிவிட்டார். விரிப்பில் வந்த நீரெல்லாம் தகட்டுக்கு அடியில் புகுந்து, திருகாணித் துளைகள் வழியே மரத்துக்குள் போனது. கழற்றிப் பார்க்கையில் தகடு புதுக்கருக்கு மாறாமல் பளபளவென்று இருந்தது. அதன் கீழே கைப்பிடி மண்போல மரத்தூள். திருத்த வந்த வயதான மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாருங்க. முந்தி வர்றது மேலே இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். கூரை வேலையில் எந்த இரண்டு பொருள்களைச் சேர்க்கும்போதும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்.

பக்கச் சரிவு விளிம்பில் மட்டும் வரிசை மாறுகிறது. அங்கே காற்றோடு பக்கவாட்டில் அடிக்கும் சாரலே எதிரி என்பதால், விரிப்பை முதலில் விளிம்பு வரை கொண்டுவந்து, அதன்மேல் தகட்டை வைக்க வேண்டும். துண்டுகளைக் கீழிருந்து மேலாக அடுக்கினால், மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் இயல்பாகப் படியும். இரு விளிம்புகளும் சந்திக்கும் மூலையில் இறவாரத் தகடு அடியிலும் பக்கத் தகடு மேலேயும் இருக்கட்டும். இறவாரத் தகட்டின் முனையை 25 மி.மீ. அளவுக்கு நீட்டி விட்டு, வெட்டி மூலையைச் சுற்றி மடித்தால் திறந்த பிளவு இராது. வரிசை வீடுகளில் நடுவீட்டுக்காரர்களுக்குப் பொதுச்சுவர் இருப்பதால் பக்க விளிம்பு பெரும்பாலும் இருப்பதில்லை. இந்தப் பத்தி இரட்டை வீட்டுக்காரர்களுக்கும் முனை வீட்டுக்காரர்களுக்கும் உரியது.

கடைசியாக ஓடுகளைத் திரும்ப அடுக்கி, கீழ்வரிசை ஓடு பலகைக்கு வெளியே 50 மி.மீ. அளவுக்கு நீண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு, பிடிப்புகளை மாட்டவேண்டும். உதட்டில் எங்கும் சிலிக்கான் பூசக் கூடாது. இடைவெளியைப் பார்த்தால் அடைக்கத் தோன்றும். ஆனால் அடைத்துவிட்டால் உள்ளே புகுந்த நீருக்கு வெளியேற வழியில்லாமல் போகும்.

கார் நிறுத்துமிடத்து உலோகத் தகட்டுக் கூரையில் வேலை எளிது. கூரைத் தகட்டின் கீழ் முனையில் ஒவ்வொரு பள்ளத்தையும் அதற்குரிய கருவியால் சற்றே கீழ்நோக்கி மடித்துவிட்டு, அதற்கு அடியில் சொட்டுத் தகட்டைச் செருகித் திருகினால் போதும். சரிவு குறைந்த கூரையில் அந்த மடிப்பைத் தவிர்க்கவே கூடாது. நீர் தகட்டின் அடிப்புறமாகப் பின்னோக்கி நெடுந்தூரம் ஊரும்.

சோதித்துப் பார்த்தல்

சாரம் பிரிப்பதற்கு முன்னால் சோதித்துவிடுங்கள். முகப்புப் பலகையின் நீளத்துக்குப் பழைய செய்தித்தாள் பட்டைகளை டேப்பால் ஒட்டி, மேலே ஒருவர் நீர்க்குழாயை மெல்லத் திறந்து, விளிம்பிலிருந்து மூன்றாம் வரிசை ஓட்டின்மேல் நீரை வழியவிடட்டும். பீய்ச்சி அடிக்கக் கூடாது. நான் சொன்ன தயங்கும் தாரையே இங்கு தேவை. பத்து நிமிடம் கழித்துக் குழாயை மூடி, இன்னும் பத்து நிமிடம் காத்திருந்து பட்டைகளைப் பாருங்கள். காய்ந்த காகிதம் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஈரம் பட்ட இடம் கருத்துத் தெரியும். அந்த இடத்துக்கு நேர் மேலே இணைப்போ மூலையோ இருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள்.

பராமரிப்பு

ஆண்டுக்கு இருமுறை பார்த்தால் போதும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் தொடங்கும் என்பதால் நவம்பர் முதல் வாரத்தில் ஒருமுறை. அது ஓய்ந்தபின் மார்ச்சில் ஒருமுறை. தரையிலிருந்து தொலைநோக்கியால் பார்த்தாலும் பலவும் தெரியும்: உதட்டில் துருக்கோடு, நிமிர்ந்து நிற்கும் திருகாணி, பிரிந்த இணைப்பு, மைனா வைக்கோல் செருகிய இடம். துரு சிறிதாக இருக்கும்போதே உப்புத்தாளால் தேய்த்து, துத்தநாகம் கலந்த அடிச்சாயம் பூசி, மேல்சாயம் கொடுத்தால் அடங்கும். தகட்டில் துளை விழுந்துவிட்டால் ஒட்டுப்போடாமல் அந்தத் துண்டையே மாற்றுங்கள்.

தூங்குமூஞ்சி மரங்கள் நிறைந்த தெருவில் சிறு இலைகள் ஓட்டின் வாயில் ஈரமெத்தைபோலப் படிந்து, நீரை உதட்டுக்குப் போகவிடாமல் தேக்கும். அவற்றை மென்மையான துடைப்பத்தால் கீழ்நோக்கித் தள்ள வேண்டும். உயர் அழுத்த நீர்ப்பீய்ச்சியைக் கொண்டு கீழிருந்து மேலாக அடிப்பவர்கள், தகடு எதைத் தடுக்க வைக்கப்பட்டதோ அதையே செய்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே கூரைக் கால்வாய் இருந்தால், அடைப்பை நீக்கி அதில் பிடிஐ கொசுமருந்து இடும்படி தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்வதை இந்த இரு நாட்களோடு நிறுத்திவிடாமல் மாதந்தோறும் செய்ய வேண்டும்.

மழையைவிட அதிகமாகத் தகட்டைக் கெடுப்பவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் மற்ற வேலைக்காரர்கள் என்பது என் அனுபவம். சாயம் பூசுபவர் தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளியை விரிசல் என்று எண்ணிப் புட்டி வைத்து அடைத்துவிடுவார். வேலை தொடங்குமுன் அவரை அழைத்து அந்த இடைவெளியைக் காட்டிவிடுங்கள். சூரியத் தகடு பொருத்த வருபவர்கள் கீழ்வரிசை ஓட்டை நகர்த்திவிட்டுத் திரும்ப மாட்ட மறப்பதுண்டு. தீபாவளி நெருங்கும்போது சரவிளக்கைக் கட்ட வசதியாக இருக்கிறதென்று உதட்டைக் குறடால் நிமிர்த்தி அதில் கம்பியை மாட்டுபவர்களோ நம் வீட்டுப் பிள்ளைகள். விளக்குக்கென்று கைமர முனையில் தனியாகக் கொக்கி அடித்துக் கொடுத்துவிட்டேன். நிமிர்ந்திருந்த ஒரு முழ நீளத்தைத் தட்டி வளைக்கப் பார்த்தபோது சாயம் வெடித்ததால், அந்தத் துண்டை மட்டும் மாற்ற வேண்டியதாயிற்று.